பூதம் பொய்யாக இருக்கலாம், தாசில்தார் பொய்யாக இருக்கக் கூடாது

மதுரையில் காட்சித் தொடர்பியல் படித்து முடித்த நண்பர்கள் ஐந்து பேர் சேர்ந்து, வைகையிலிருந்து கரையேறும் ஒரு பூதத்தை வைத்து, பயமும் சிரிப்பும் அரசியல் நையாண்டியும் கலந்த ஒன்றரை மணி நேரப் படம் ஒன்றை எடுக்க எண்ணியிருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். கையில் இருப்பது 15 லட்சம் ரூபாய் என்றும், அந்தத் தொகைக்குப் பூதம் நம்பும்படி அமையுமா, அமையாவிட்டால் படமே சிரிப்பாய்ச் சிரித்துவிடாதா என்றும் கேட்டிருக்கிறீர்கள். கலை இயக்கப் பிரிவில் உதவியாளனாகத் தொடங்கி, இன்று வரை அட்டை, சாக்கு, ஸ்பாஞ்சு, சாயம் ஆகியவற்றோடு காலம் கழிப்பவன் என்ற முறையில் நேரடியாகவே சொல்லிவிடுகிறேன்: இந்தத் தொகைக்குப் பூதம் நம்பும்படி அமையாது. அமைய வேண்டிய தேவையும் உங்கள் படத்துக்கு இல்லை. நீங்கள் பணத்தைக் காட்டிலும் கவனத்தைச் செலவிட வேண்டியது பூதத்தைப் பற்றிப் பேசுகிற மனிதர்கள் மீதுதான். ஊர்த் தலையாரி, கிராம நிர்வாக அலுவலர், வட்டாட்சியர், வட்டச் செயலாளர், காவல் ஆய்வாளர் ஆகியோர் ஒவ்வொருவரும் நாம் நேற்று நேரில் பார்த்த ஆட்களைப் போல இருந்துவிட்டால், அவர்கள் நடுவே நார் தொங்கும் உடையில் ஒருவர் வந்து நின்றாலும் பார்வையாளர் ஏற்றுக்கொள்வார். அவர்கள் பொய்யாகிவிட்டால் கோடி ரூபாய்க் கணினி வரைகலையும் படத்தைக் காப்பாற்றாது.

இதற்கு நல்ல முன்னோடி ஒன்று இருக்கிறது. 2024-இல் தம்முடைய 98-ஆம் வயதில் காலமான அமெரிக்க இயக்குநர் ரோஜர் கார்மன், குறைந்த பணத்தில் விரைந்து படமெடுப்பதில் பெயர் பெற்றவர். போர்ட்டோ ரீகோ தீவுக்கு வேறு படங்களுக்காக அழைத்துச் சென்ற அதே குழுவை வைத்துக்கொண்டு, எழுத்தாளர் சார்லஸ் கிரிஃபித்திடம் அவசரமாகக் கதை கேட்டு வாங்கி அவர் எடுத்த ‘க்ரீச்சர் ஃப்ரம் தி ஹான்டட் சீ’ என்ற படம் 1961-இல் வெளிவந்தது. 1959 ஜனவரி முதல் நாள் கியூபாவின் சர்வாதிகாரி பாட்டிஸ்டா நாட்டை விட்டு ஓடிய செய்தி அப்போது இன்னும் ஆறவில்லை. படத்தில், பதவியிழந்த தளபதிகள் அரசுக் கருவூலத்துத் தங்கத்தை அள்ளிக்கொண்டு ஓர் அமெரிக்க ரவுடியின் படகில் ஏறுகிறார்கள். அவர்களை ஒவ்வொருவராகத் தீர்த்துக்கட்டித் தங்கத்தை அமுக்கிவிடத் திட்டமிடும் ரவுடி, பழியைப் போடுவதற்காகக் கடலில் ஒரு கொடிய பூதம் இருப்பதாகக் கதை கட்டுகிறான். கதை கட்டியவனுக்குத் தெரியாமல் உண்மையான பூதமும் அந்தக் கடலிலேயே இருக்கிறது என்பதுதான் படத்தின் முடிச்சு.

அந்தப் பூதத்தின் உடல், முக்குளிப்போர் அணியும் ரப்பர் உடை. அதன்மேல் பாசியும் பாத்திரம் தேய்க்கும் கம்பி நாரும் ஒட்டப்பட்டிருந்தன. கண்களுக்கு டென்னிஸ் பந்துகள், கருவிழிகளுக்குப் பிங்பாங் பந்துகள். பார்த்த மாத்திரத்தில் எவருக்கும் சிரிப்பு வரும். ஆனாலும் படம் அந்தச் சிரிப்பில் உடைந்துபோவதில்லை, ஏனெனில் பொய்ப் பூதத்தை விற்றுப் பிழைக்கும் ரவுடியின் பேராசையும், நாட்டைக் கொள்ளையடித்துவிட்டு நாட்டுப்பற்று பேசும் தளபதிகளின் முகபாவமும் நமக்கு நன்றாகத் தெரிந்தவை. கடைசிக் காட்சியில் எலும்புக் கூடுகளுக்கு நடுவே, கடலடித் தங்கப் பெட்டியின் மீது பூதம் சாவகாசமாக உட்கார்ந்திருக்கிறது. நியாயமாகப் பார்த்தால் அந்தப் படகில் வென்றிருக்கத் தகுதியுள்ள ஒரே உயிர் அதுதான். படம் முழுவதும் சமமாக இருக்கிறது என்று சொல்ல மாட்டேன். நடுவில் தொய்வு உண்டு, பழைய நகைச்சுவைகள் சில இன்று எரிச்சலூட்டும். ஆயினும் உங்கள் ஐவரும் அதை ஒருமுறை சேர்ந்து பார்த்துவிட்டு, எந்த இடத்தில் பூதத்தைப் பார்த்துச் சிரித்தீர்கள், எந்த இடத்தில் மனிதர்களைப் பார்த்துச் சிரித்தீர்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். உங்கள் திரைக்கதைக்கு வேண்டிய பாடம் பெரும்பாலும் அந்தக் குறிப்பிலேயே இருக்கும்.

உங்களுக்குப் பலர் சொல்லியிருக்கக்கூடிய அறிவுரை, பூதத்தைக் கடைசி வரை காட்டாதீர்கள் என்பது. 1975-இல் வந்த ‘ஜாஸ்’ படத்தில் இயந்திரச் சுறா கடல்நீரில் அடிக்கடி பழுதானதால் அதை அதிகம் காட்டாமலே எடுக்க நேர்ந்தது என்பதும், அந்த மறைப்பே பயத்தைக் கூட்டியது என்பதும் எல்லோரும் அறிந்த கதை. பயத்தை மட்டும் நம்பும் படத்துக்கு அந்த அறிவுரை சரி. நையாண்டிக்கு அது பொருந்தாது என்பது என் கருத்து. பூதம் இருக்கிறதா இல்லையா என்ற ஐயம் பார்வையாளருக்கு இருக்கும் வரை, இல்லை என்று சாதிக்கும் அதிகாரி அறிவாளியாகத் தெரிவார். அது பட்டப்பகலில் எல்லோர் கண்முன்னும் ஆற்று மணலில் நடந்த பிறகும், அப்படி எதுவும் பதிவாகவில்லை என்று அறிக்கை கொடுத்தால்தான் கேலி பிறக்கும். கொரிய இயக்குநர் போங் ஜூன் ஹோ 2006-இல் எடுத்த ‘தி ஹோஸ்ட்’ படத்தில், படம் தொடங்கிய சிறிது நேரத்திலேயே ஆற்றங்கரைப் பூங்காவில் வெயிலடிக்கும் வேளையில் விலங்கு முழு உருவத்தோடு ஓடிவருகிறது. அதற்கு அடிப்படையாக அமைந்த சம்பவம் 2000-இல் சியோலில் உண்மையாகவே நடந்தது. அங்குள்ள அமெரிக்கப் படைத் தளத்தின் பிணக்கிடங்கிலிருந்து ஃபார்மால்டிஹைடு என்ற நச்சு இரசாயனம் சாக்கடையில் ஊற்றப்பட்டு ஹான் ஆற்றுக்குப் போனது. படத்தில் விலங்கை விடக் கொடுமையானது, இல்லாத ஒரு வைரஸை இருப்பதாகச் சொல்லிக் குடிமக்களை அடைத்து வைக்கும் அரசாங்கம். விலங்கு நம் கண்ணுக்குத் தெரிகிறது, வைரஸ் அதிகாரிகளின் கண்ணுக்கு மட்டும் தெரிகிறது. நையாண்டி அந்த இடைவெளியில் இருக்கிறது.

இனி உங்கள் பூதத்துக்கு வருகிறேன். கழிவுநீரில் பிறந்த பூதம் என்று கதைச் சுருக்கத்தில் எழுதியிருக்கிறீர்கள். அயன்பாப்பாக்குடி கண்மாயின் வெள்ளை நுரை சாலைக்கு வந்து நிற்பதைப் பார்த்தவர்களுக்கு அந்த எண்ணம் வருவது இயல்புதான். ஆனால் இரசாயனத்தில் பிறந்த விலங்கு என்பது, 1954-இல் ஜப்பானில் ‘கோஜிரா’ (கோட்சில்லா) தோன்றியதிலிருந்து உலகமே பழகிவிட்ட பாதை. அந்த ஆண்டு மார்ச் முதல் நாள் பிகினித் தீவில் அமெரிக்கா வெடித்த ஹைட்ரஜன் குண்டின் சாம்பல் ஒரு ஜப்பானிய மீன்பிடிப் படகின் மீது விழுந்த துயரம் அவர்களுக்கு மிக அருகில் இருந்தது, ஆகவே அது அவர்கள் வாயில் உண்மையாக ஒலித்தது. நம் ஊரில் பூதம் என்றதும் எழும் முதல் கேள்வி அது எப்படிப் பிறந்தது என்பதாக இருப்பதில்லை. ஏவிவிட்டது யார் என்பதே முதல் கேள்வி. மதுரையைச் சுற்றியுள்ள மலைகளே அதற்குச் சாட்சி. விக்கிரம பாண்டியன் மீது பொறாமை கொண்ட காஞ்சியரசன் சமணர்களைக் கொண்டு வேள்வி நடத்தி ஏவிய யானையை இறைவன் எய்து வீழ்த்த, அது யானைமலையானது என்று திருவிளையாடற் புராணம் சொல்கிறது. நாகமும் மாயப் பசுவும் அவ்வாறே நாகமலையாகவும் பசுமலையாகவும் கிடக்கின்றன. அதே யானைமலையில் சமண முனிவர்கள் படுத்த கற்படுக்கைகளும் தமிழ்ப் பிராமிக் கல்வெட்டும் இன்றும் உள்ளன. ஏவியவர்கள் என்று சொல்லப்பட்டவர்களின் தரப்புக் கதையை நாம் கேட்டதேயில்லை. வென்றவன் சொல்லும் பூதக்கதை எப்படி இருக்கும் என்பதற்கு இதை விட அருகில் ஓர் எடுத்துக்காட்டை நீங்கள் தேட வேண்டியதில்லை. உங்கள் படத்தில் பூதம் கரையேறிய மறுநாள் காலையில் ஆளுங்கட்சி எதிர்க்கட்சியையும், எதிர்க்கட்சி ஆளுங்கட்சியையும், இரண்டும் சேர்ந்து பக்கத்து மாநிலத்தையும் கைகாட்டும் காட்சி தானாகவே வந்து விழும்.

இதை விடவும் பொருத்தமான ஒன்று சிலப்பதிகாரத்தில் இருக்கிறது. புகார் நகரத்தின் நாற்சந்தியில் நிற்கும் சதுக்கப் பூதம் யார் யாரைப் பாசக் கயிற்றால் கட்டி அடித்துத் தின்னும் என்று இந்திர விழா பற்றிய காதையில் ஒரு பட்டியல் வருகிறது. போலித் துறவிகள், அறைபோகு அமைச்சர், பிறர் மனை நயப்போர், பொய்ச்சாட்சி சொல்வோர், புறங்கூறுவோர் என்று நீளும் அந்தப் பட்டியலில், அரசனுக்கும் நாட்டுக்கும் இரண்டகம் செய்கிற அமைச்சருக்கும் இடம் இருப்பதைக் கவனியுங்கள். ஒழுக்கம் தவறிய பெண்களையும் அது சேர்த்துக்கொள்கிறது. அந்த வரியை மட்டும் நீங்கள் விட்டுவிடலாம், இன்றைய பார்வையாளருக்கு அது பூதத்தின் மீதே வெறுப்பை உண்டாக்கும். மற்றபடி, ஒரு தெளிவான விதியோடு வருகிற பூதத்தைத் தமிழ் உங்களுக்கு ஆயிரத்தைந்நூறு ஆண்டுகளுக்கு மேலாகப் பத்திரப்படுத்தி வைத்திருக்கிறது. புகார் கடலில் போன பிறகு பிழைப்புத் தேடி மதுரைக்கு வந்த பூதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அது நிற்க வேண்டிய இடமும் ஆயத்தமாக இருக்கிறது: அரசியல் பொதுக்கூட்டங்களுக்கே பெயர் போன மேலமாசி வீதி, வடக்குமாசி வீதிச் சந்திப்பு.

விதி தெளிவாகிவிட்டால் நையாண்டி தானே ஓடத் தொடங்கும். பூதம் பொய்யரைத்தான் தின்னும் என்று ஊருக்குத் தெரிந்துவிட்டது. பூ விற்கிற அம்மா அதன் காலடியிலேயே கடை போடுகிறார், பள்ளிப் பிள்ளைகள் அதன் வாலைத் தாண்டிக் குதித்துப் போகிறார்கள். இடைத்தேர்தல் அறிவிக்கப்படுகிறது. அந்தச் சந்திப்பில் மேடை போட்டுப் பேச எந்த வேட்பாளரும் வருவதில்லை. பொதுமக்களின் பாதுகாப்பை முன்னிட்டு என்று சொல்லி ஊரடங்கு போடுகிறார்கள், பொதுமக்களோ ஊரடங்கை மீறிப் பூதத்தின் நிழலில் உட்கார்ந்து வெள்ளரிப்பிஞ்சு தின்கிறார்கள். 2009-இல் நடந்த திருமங்கலம் இடைத்தேர்தல், பணம் பட்டுவாடா செய்யும் முறைக்கு ஒரு ‘ஃபார்முலா’ என்ற பெயரையே நாட்டின் அரசியல் அகராதிக்குக் கொடுத்துவிட்டுப் போன மாவட்டத்தில், கவரை வீடு வீடாகக் கொண்டுபோகிற ஆள் பூதத்தைக் கடந்துபோக வேண்டிய ஒரே ஒரு காட்சிக்கு எவ்வளவு பயமும் சிரிப்பும் சேரும் என்று எண்ணிப் பாருங்கள். அந்தக் காட்சியில் வசனம் வேண்டாம். கவரை இடுப்பில் செருகியிருக்கும் ஆளின் நடையும், பூதத்தின் மூக்கு மெதுவாகத் திரும்புவதும் போதும். இங்கே ஓர் எச்சரிக்கை: அவன் ஐந்நூறு ரூபாய்க் கூலிக்கு வந்த ஏழையாக இருந்தால் பூதம் அவனை விட்டுவிட வேண்டும். எளியவனைத் தின்னும் பூதம் படத்தை எதிர்ப்பக்கத்துக்குக் கொண்டுபோய்விடும்.

தலைப்பில் தாசில்தார் என்று சொன்னதன் பொருளுக்கு இப்போது வருகிறேன். உங்கள் மாதிரிக் காட்சியில் அதிகாரிகள் கண்ணை உருட்டுகிறார்கள், வேட்டி அவிழ ஓடுகிறார்கள். அது வேண்டாம். உண்மையான அலுவலகத்தில் எவரும் ஓடுவதில்லை, கோப்பு போடுகிறார்கள். 2016-இல் ஜப்பானில் வந்த ‘ஷின் கோட்சில்லா’ படத்தில் விலங்கு நகரத்தை மிதித்துக்கொண்டிருக்க, அமைச்சர்களும் செயலர்களும் ஒரு கூட்ட அறையிலிருந்து இன்னொரு கூட்ட அறைக்கு மாறி மாறி உட்கார்ந்து விதிகளைப் புரட்டிக்கொண்டிருப்பார்கள். ஒருவரும் கோமாளித்தனம் செய்வதில்லை, அதனாலேயே வயிறு வலிக்கச் சிரிக்கிறோம். நம் அலுவலகத் தமிழில் அதற்கு இணையாக ஒரு காட்சியை எழுதிப் பார்த்தேன், எடுத்துக்கொள்ள விரும்பினால் எடுத்துக்கொள்ளுங்கள். கிராம நிர்வாக அலுவலர் எழுந்து நின்று அறிக்கையை வாசிக்கிறார்: “பொருள்: வைகை ஆற்றுப் புறம்போக்கில் இனம் கண்டறியப்படாத உயிரினம் தங்கியிருத்தல், தொடர்பாக. பார்வை: பொதுமக்கள் அளித்த மனு. மேற்படி உயிரினம் மேற்படி புல எண்ணில் பட்டா ஏதுமின்றி 14 நாட்களாக அனுபவத்தில் இருந்து வருவது தல ஆய்வில் தெரிய வருகிறது. மேற்படி உயிரினத்தின் முன்னங்கால்கள் மாநகராட்சி எல்லையிலும், வால் ஊராட்சி எல்லையிலும் அமைந்துள்ளபடியால், நடவடிக்கை எடுக்க வேண்டிய அலுவலர் யார் என்பது குறித்துத் தெளிவுரை வேண்டப்படுகிறது.” நீரில் இருந்தால் நீர்வளத் துறை, கரையில் இருந்தால் மாநகராட்சி, விலங்கு என்றால் வனத்துறை, பூதம் என்றால் அறநிலையத் துறை என்று நால்வரும் மிகுந்த மரியாதையோடு கோப்பை அடுத்தவர் பக்கம் நகர்த்துகிறார்கள். வெளியே ஒரு அலறல் கேட்கிறது. வட்டாட்சியர் எழுந்துபோய் ஜன்னலைச் சாத்திவிட்டு வந்து உட்கார்கிறார். அந்த ஜன்னலைச் சாத்துகிறவர் நாடக மேடைக் குரலில் பேசாத, ஓய்வுபெற்ற வருவாய்த் துறைக்காரர் ஒருவராக இருந்தால் நீங்கள் பாதி வென்றுவிட்டீர்கள். மதுரையில் அப்படிப்பட்டவர்கள் வீட்டுக்கு வீடு இருக்கிறார்கள், மேற்படி என்ற சொல்லை அவர்கள் உச்சரிக்கிற விதத்தை எந்த நடிகராலும் செய்து காட்ட முடியாது.

நடந்தவற்றிலேயே இந்த வகைப் படத்துக்கு இடம் கொடுக்கிற செய்திகள் நம் பக்கம் குவிந்து கிடக்கின்றன. 2015 செப்டம்பரில், மேலூர்ப் பகுதிக் கிரானைட் குவாரிகளில் நரபலி நடந்ததாக எழுந்த புகாரை விசாரிக்கப் போன சட்ட ஆணையர் உ. சகாயம், தோண்ட வேண்டிய இடத்தை விட்டு நகர மறுத்துச் சின்னமலம்பட்டிச் சுடுகாட்டிலேயே இரவைக் கழித்தார். ஓர் இந்திய ஆட்சிப் பணி அலுவலர் சுடுகாட்டில் கட்டில் போட்டுப் படுத்திருக்கிற காட்சியை நாம் கற்பனையில் எழுதியிருந்தால் மிகையென்று சொல்லியிருப்பார்கள். 2017 ஏப்ரலில் வைகை அணையின் நீர் ஆவியாகாமல் இருக்கத் தெர்மாகோல் அட்டைகளை ஒட்டி அமைச்சர் முன்னிலையில் மிதக்கவிட்டதும், வந்திருந்தவர்கள் கலைவதற்குள்ளாகவே காற்று அவற்றைக் கரைக்குத் தள்ளியதும் உங்கள் தலைமுறைக்கு நேற்று நடந்ததைப் போல நினைவிருக்கும். அந்த நிகழ்ச்சியை அப்படியே படத்தில் எடுக்காதீர்கள், கேலிப்படங்களாகப் பார்த்துப் பார்த்து அது தேய்ந்துவிட்டது. ஆனால் உங்கள் பூதத்தின் முதுகுச் செதில்களை வெள்ளைத் தெர்மாகோலில் செய்து, சாயம் பூசாமல் விட்டுவிடுங்கள். ஒருவரும் ஒரு வார்த்தையும் சொல்லாமலே மதுரைத் திரையரங்கில் கைதட்டு விழும்.

கதையைச் சொல்லிக்கொண்டு போக ஒருவர் வேண்டும் என்று நினைக்கிறேன். கார்மன் படத்தில் அந்த வேலையை ஒன்றுக்கும் உதவாத உளவாளி ஒருவன் பின்னணிக் குரலில் செய்கிறான். நமக்கு அதற்கு மேலான ஆள் இருக்கிறார்: ஸ்பெஷல் நாடகத்துப் பபூன். சங்கரதாஸ் சுவாமிகள் 1918-இல் மதுரையில் பாலர் நாடக சபை தொடங்கிய காலத்துக்குப் பிறகு எத்தனையோ மாறிவிட்டபோதிலும், கோயில் திருவிழா மேடையில் இன்றும் முதலில் வந்து நின்று, கூட்டத்தை நேருக்கு நேர் பார்த்து ஊர் நடப்பைக் கிண்டலடிக்கிற உரிமை பபூனுக்கு உண்டு. புராணக் கதையின் மறைவில் அரசியல் பேசுவது நம் மேடைக்குப் புதிதன்று. திருமங்கலத்தில் வாழ்ந்த விசுவநாத தாஸ், வள்ளி தினைப்புனம் காக்கும் காட்சியில் கொக்கை விரட்டுவதுபோல வெள்ளைக்காரனை விரட்டிப் பாடியதற்காகச் சிறை சென்றவர். 1940 டிசம்பர் 31 இரவு மேடையிலேயே முருகன் வேடத்தில் உயிர் விட்டார். அவர் கைக்கொண்ட வழி இன்றைக்கும் மிகவும் பாதுகாப்பான வழி. தலைவரின் பெயரையோ கட்சியின் கொடியையோ காட்டத் தேவையில்லை, கொக்கைக் காட்டினால் போதும், மற்றதைப் பார்வையாளர் நிரப்பிக்கொள்வார்.

இப்போது உடை. இதில்தான் என் கைக்கு வேலை தெரியும் என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன். தலைக்கு ஃபைபர் அச்சு வேண்டாம், திருப்பரங்குன்றத்தை அடுத்த விளாச்சேரிக்குப் போங்கள். கொலு பொம்மைக்குப் பெயர் பெற்ற அந்த ஊரில் காகிதக் கூழ் வேலை தெரிந்த குடும்பங்கள் இருக்கின்றன. ஊறவைத்து அரைத்த காகிதத்தோடு மாவுப் பசையும் சாக்பீஸ் தூளும் சேர்த்துப் பிசைந்து, அச்சில் இரண்டு பாதிகளாக அப்பிக் காயவைத்து, பிறகு அவற்றை ஒட்டுவார்கள். பார்க்கக் கருங்கல் போல இருக்கும், தூக்கினால் கூடைபோல இருக்கும். உள்ளே இருப்பவரின் கழுத்துக்கு அந்த எடைக் குறைவு பெரிய உதவி. 1954-இல் கோஜிரா உடைக்குள் இருந்த ஹாருவோ நகாஜிமா சுமந்தது ஏறக்குறைய 100 கிலோ, அதை அணிந்துகொண்டு சில அடிகள் நடப்பதே பெரும்பாடாக இருந்தது. மதுரைச் சித்திரை வெயிலில் அதில் கால்பங்கு எடை இருந்தாலும் உங்கள் நண்பர் மயங்கி விழுவார். தாடைக்கு ஒரு கயிறும் பின்மண்டையில் காற்றுக்கு உள்ளங்கை அகல ஓட்டையும் கட்டாயம் வைக்கச் சொல்லுங்கள்.

உடலுக்கு, அழகர் திருவிழாவில் தண்ணீர் பீய்ச்சும் வேடத்துக்கான உடை தைக்கிற தையற்காரர்களைத் தேடுங்கள். புது மண்டபத்தில் இருந்த கடைகள் இப்போது குன்னத்தூர்ச் சத்திரத்துக்கு மாறியிருக்கின்றன. ஆடுகிறவன் ஓடவும் குனியவும் வேர்க்கவும் செய்வான் என்பதை மனத்தில் வைத்துத் தைக்கும் பழக்கம் அவர்களுக்கு உண்டு, ஆயத்த உடைத் தையற்காரர்களிடம் அது இருக்காது. தடித்த பருத்தித் துணியில் தளர்வான அங்கி, அக்குளிலும் தொடையிடுக்கிலும் வலைத்துணி, மேலே சோழவந்தான் பக்கத்துத் தேங்காய் நாரைச் சாயத்தில் முக்கிக் கொத்துக் கொத்தாகத் தைத்துவிட்டால் ஆற்றுப் பாசி அமைந்துவிடும். இரண்டு ஆபத்துகளை மட்டும் மறக்காதீர்கள். நார் தண்ணீர் குடித்தால் எடை பல மடங்காகும், ஆகையால் முழங்காலுக்கு மேல் நீர் உள்ள இடத்தில் அந்த உடையோடு ஒருவரையும் இறக்கக் கூடாது. வைகையில் அவ்வளவு தண்ணீர் இருக்கும் நாட்கள் ஆண்டில் குறைவு என்பது படப்பிடிப்புக்கு வாய்த்த நல்லகாலம், ஊருக்கு வாய்த்த கெட்டகாலம். அடுத்தது தீ. காய்ந்த நாரும் தெர்மாகோலும் பற்றினால் அணைக்க நேரம் இருக்காது. ஊர்மக்கள் தீப்பந்தத்தோடு பூதத்தைத் துரத்தும் காட்சி உங்கள் கதையில் இருக்கிறது. அதைக் கைப்பேசி வெளிச்சத்தோடு துரத்துவதாக மாற்றிக்கொள்ளுங்கள். எல்லோரும் துரத்திக்கொண்டே படமும் பிடிப்பார்கள் என்பதால் அது இன்னும் உண்மையாகவும் இருக்கும்.

குரலுக்குக் கணினிக் கோப்புகளில் கிடைக்கும் சிங்க உறுமலைப் போடாதீர்கள், பத்துப் படங்களில் கேட்டது காதுக்குத் தெரிந்துவிடும். கோஜிராவின் குரலை இசையமைப்பாளர் அகிரா இஃபுகுபே, டபுள் பேஸ் என்ற பெரிய தந்திக் கருவி ஒன்றின் தளர்த்திய தந்தி மீது பிசின் தடவிய தோல் கையுறையைத் தேய்த்து உண்டாக்கினார். அந்தத் தேய்ப்பையே தொழிலாகக் கொண்ட கருவி நம் ஊரில் ஒவ்வொரு கோயில் கொடைக்கும் வருகிறது. உறுமியின் ஒரு பக்கத் தோலில் வளைந்த குச்சியை அழுத்தி இழுக்கும்போது எழுகிற முனகலைத் தனியாகப் பதிவு செய்து, வேகத்தைப் பாதியாகக் குறைத்துக் கேட்டுப் பாருங்கள். பசியில் இருக்கிற ஒரு பெரிய உயிர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு புரள்வது போல இருக்கும். அதைக் கேட்டுச் சாமி வந்து ஆடுகிற ஒரு பாட்டியைக் கூட்டத்தில் வைத்தால், பயமா சிரிப்பா என்று தெரியாத நிலையில் திரையரங்கம் சற்று நேரம் அமைதியாகும்.

அப்படிப்பட்ட அமைதி படத்தில் இரண்டு முறையாவது வர வேண்டும். பேய்ப்படமாகவும் சிரிப்புப்படமாகவும் இருக்க முயன்ற பல தமிழ்ப் படங்களில் இடைவேளைக்குப் பிறகு பயம் காணாமற்போய்விடுகிறது, ஏனெனில் எவருக்கும் ஒன்றும் ஆகாது என்று நமக்குத் தெரிந்துவிடுகிறது. நமக்குப் பிடித்துப்போன ஒருவர், சின்னப் பொய் ஒன்றைச் சொல்லியிருக்கக்கூடிய ஒருவர், அந்தச் சந்திப்பைக் கடக்க நேரட்டும். என்னைக் கேட்டால் அது கிராம நிர்வாக அலுவலராக இருக்க வேண்டும். மேலிடத்து அழுத்தத்தில் அந்த அறிக்கையில் ஒரே ஒரு வரியை மாற்றி எழுதியவர் அவர்.

சட்டம் பற்றிச் சுருக்கமாக. திரையரங்கில் வெளியிடுவதானால் 1952-ஆம் ஆண்டின் திரைப்படச் சட்டப்படி தணிக்கைச் சான்று வேண்டும். 2023-இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு யு/ஏ சான்று 7, 13, 16 என்று வயதுவாரியாகப் பிரிந்திருக்கிறது, உங்கள் படம் பெரும்பாலும் இவற்றுள் ஒன்றில் வரும். மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் 2021-இல் கலைக்கப்பட்டுவிட்டதால் தணிக்கை வாரியத்தோடு கருத்து வேறுபட்டால் உயர் நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும், அந்தச் செலவு உங்கள் 15 லட்சத்தில் அடங்காது. ஆகவே உண்மையான கட்சி, கொடி, சின்னம், சாதிப் பெயர் ஆகியவற்றை எழுதும்போதே தவிர்த்துவிடுங்கள். அவதூறு வழக்கு இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவின் 356-ஆம் பிரிவில் வரும். ஆடு, கோழி எதையாவது பூதத்துக்குப் பலி கொடுப்பதாகக் காட்ட எண்ணினால் விலங்கு நல வாரியத்தின் அனுமதி தேவைப்படும், அதை விட ஒரு பூசணிக்காய் மலிவு.

முடிவு பற்றியும் கேட்டிருந்தீர்கள். பூதம் தேர்தலில் நின்று வெல்கிறது என்ற முடிவு எல்லோருக்கும் முதலில் தோன்றும், அதனால் அதை விட்டுவிடுங்கள். எனக்குப் பிடித்த முடிவு, பூதம் பசி தீர்ந்து உறங்கிப்போவது. அது தின்ற அமைச்சர்கள் வயிற்றுக்குள் கூடிக் கூட்டணி பேசிக்கொண்டிருக்கிற குரல் மெல்லக் கேட்கிறது. வெளியே, மேற்படி உயிரினம் தொடர்பான கோப்புக்கு ஓர் இளநிலை உதவியாளர் புதிய எண் இடுகிறார். கார்மனின் பூதம் தங்கப் பெட்டி மேல் உட்கார்ந்ததைப் போல, நம் பூதம் கோப்புக் கட்டுகளின் மேல் தலை வைத்துப் படுத்திருக்கலாம்.

ஒன்று மட்டும் அவசரம். நவராத்திரிக்கு முந்தைய மாதங்களில் விளாச்சேரியில் எவருக்கும் மூச்சுவிட நேரம் இருக்காது, ஐப்பசி அடைமழையில் காகிதக் கூழ் காயாமல் பூஞ்சை பிடிக்கும். தலைக்கு வைகாசியிலேயே சொல்லிவிட்டு, முன்பணம் கொடுத்து, களிமண் மாதிரியை நேரில் போய்ப் பார்த்து மூக்கைச் சரிசெய்துகொள்ளுங்கள். கொலுவுக்குச் செய்து பழகிய கை, பூதத்துக்கும் ஒரு புன்சிரிப்பை வைத்துவிடும். அந்தப் புன்சிரிப்பு உங்களுக்கு வேண்டுமா வேண்டாமா என்பதைப் போவதற்கு முன்பே ஐவரும் பேசி முடிவு செய்துகொள்ளுங்கள்.